இரத்தத்தில் புழு இல்லாத நோயாளிகள்

யானைக்கால் நோய் உயிரைப் பறிப்பதில்லை. கொசுவால் பரவும் நோய்களுள் மலேரியாவுக்கும் டெங்குவுக்கும் கிடைக்கும் அச்சமும் அவசரமும் இதற்குக் கிடைக்காமற்போனதற்கு அதுவே முதற்காரணம். இதனால் காய்ச்சல் வார்டுகள் நிரம்பி வழிவதில்லை, செய்தித்தாள்களில் சாவுக் கணக்கு வருவதில்லை. ஆனால் முப்பது வயதில் கணுக்காலில் தொடங்கிய வீக்கம் எழுபது வயதுவரை உடன்வரும்போது, அந்த நாற்பது ஆண்டுகளில் நோயாளியின் மனம் என்ன பாடுபடுகிறது என்பதை, அவரது காலைக் கழுவித் துடைத்துக் களிம்பு தடவும் பணியில் இருப்போர் நன்கறிவர். காவிரிப் படுகையிலும் அதையொட்டிய கடலோர மாவட்டங்களிலும் யானைக்கால் நோய்ப் பிரிவுகளில் பணிபுரிந்த ஆய்வக நுட்பநர்கள், செவிலியர்கள், களப்பணியாளர்கள் ஆகியோருக்குக் கைவழியாகச் சேர்ந்த அந்த அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. புழுவைப் பற்றியும் கொசுவைப் பற்றியும் எழுதப்பட்ட அளவில் ஒரு சிறு பங்குகூட, அவை விட்டுச்சென்ற மனிதரின் மனத்தைப் பற்றி எழுதப்படவில்லை.

நோயின் போக்கைச் சுருக்கமாகவேனும் சொன்னால்தான் மனத்தின் பாடு விளங்கும். சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும்போது, வுச்சரேரியா பான்கிராஃப்டி என்னும் நூல்போன்ற புழுவின் இளம்பருவம் உடலுக்குள் புகுந்து, நிணநீர் நாளங்களில், அதாவது திசுக்களிடையே கசியும் நீரைத் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்க்கும் மெல்லிய குழாய்களில், தங்கி வளர்ந்து ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்வரை வாழ்கிறது. அது ஈனும் நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழல்களில் ஒடுங்கியிருந்து, கொசு கடிக்கும் இரவு வேளையில் தோலையொட்டிய இரத்தத்துக்கு வருகின்றன. கொசுவின் உடலில் இப்புழு வளர்வதை 1877இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் கண்டறிந்தார். இந்தியாவில் 1955இல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது, நுண்புழுவின் இந்த இரவு வழக்கத்தால் அதைத் தேடும் பணியும் இரவுப்பணியாயிற்று. இரவு எட்டரை மணிக்குமேல் தெருத்தெருவாகச் சென்று, விரல்நுனியில் ஊசியால் குத்தி, கண்ணாடித் தகட்டில் தடித்த பூச்சாக இரத்தத்தை எடுத்து, பின்னர் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது அதன் முறை.

இப்பணியில் சேரும் எவரும் முதலில் வியக்கும் செய்தி ஒன்றுண்டு. கால் பெரிதாக வீங்கிய நோயாளியின் இரத்தத்தில் நுண்புழு பெரும்பாலும் இருப்பதில்லை. நுண்புழு இருப்பவரோ வெளியில் எந்தக் குறையும் தெரியாமல் நடமாடுபவர். புழுக்கள் நாளங்களைச் சிதைத்து மடிந்தபின் எஞ்சும் சேதமே நாட்பட்ட வீக்கம் என்பதால், நோய்ப்பரவலைத் தடுக்க முனையும் திட்டத்தின் கணக்கில் வீங்கிய காலுக்கு இடமில்லாமற்போகிறது. 2004இல் கூட்டு மருந்து வழங்கல், அதாவது நோய் உள்ளவர் இல்லாதவர் என்று பாராமல் ஊரார் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை டை எத்தில் கார்பமசின் மாத்திரை கொடுக்கும் முறை, நாடெங்கும் நோய் மிகுந்த மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தபோது, அந்த மாத்திரையை மிகுந்த நம்பிக்கையோடு விழுங்கியவர்கள் கால் வீங்கியவர்களே. ஆண்டுதோறும் விழுங்கியும் கால் வடியவில்லை. ஊருக்கெல்லாம் கேட்கும் மருந்து தமக்கு மட்டும் கேட்கவில்லை என்ற முடிவுக்கு அவர்கள் வந்ததில் வியப்பில்லை. மாத்திரை பரவலை நிறுத்துவதற்கானது, வீக்கத்தை வடிப்பதற்கு வேறு வழி உண்டு என்று எடுத்துச்சொல்ல வீடு ஒன்றுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தால், தாம் கைவிடப்பட்டவர்கள் என்ற எண்ணம் அத்தனை பேரிடம் வேர்விட்டிராது. இந்நோயாளிகளின் மனச்சோர்வுக்கு ஆணிவேர் வீக்கத்தின் அளவில் இல்லை. தமக்குச் செய்வதற்கு இனி எதுவுமில்லை என்று அவர்கள் உறுதியாக நம்பத் தொடங்கும் இடத்தில் உள்ளது. பணி அனுபவம் மீண்டும் மீண்டும் காட்டுவது இதையே.

இரத்தத்தில் நுண்புழு இருப்பதாக அறிவிக்கப்படுவோரின் துயரம் வேறுவகையானது. காலில் வீக்கமில்லை, வலியில்லை, ஒரு நாள் காய்ச்சல்கூட இல்லை; ஆனால் தம் உடலில் ஓடும் இரத்தத்தில் புழு நெளிகிறது என்ற செய்தி ஒருவரை எவ்வளவு அலைக்கழிக்கும் என்பதை இரவுப்பணியாளர்கள் கண்டிருக்கின்றனர். பன்னிரண்டு நாள் மாத்திரை கொடுக்கக் களப்பணியாளர் நாள்தோறும் அதே வீட்டுக்கு வருவதைத் தெரு பார்க்கிறது. திருமணத்துக்குப் பெண் இருக்கும் வீடாயின் அவர் திண்ணையில் உட்காருவதற்குள் மாத்திரையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகின்றனர். சிலர் காலையில் எழுந்ததும் இரு கணுக்கால்களையும் கயிற்றால் அளந்து பார்க்கும் பழக்கத்துக்கு ஆளாகின்றனர். நுண்புழு உடைய எல்லாருக்கும் கால் வீங்குவதில்லை என்பதையும், தொடக்கத்திலேயே உண்ட மருந்து நுண்புழுவை அகற்றும் என்பதையும் முடிவைச் சொல்லும் அதே மூச்சில் சொல்வதே நல்ல பணியாளரின் முறை. முடிவை இன்றும் விளக்கத்தை அடுத்த வருகையிலும் சொல்வது, இடைப்பட்ட இரவுகளை அவர் தூக்கமின்றிக் கழிக்க விடுவதாகும்.

வீக்கம் தொடங்கியபின் அது நான்கு நிலைகளாகப் பகுக்கப்படுகிறது. முதல் நிலையில் இரவு படுத்தெழுந்தால் வீக்கம் வடிந்துவிடும். இரண்டாம் நிலையில் அவ்வாறு தானாக வடிவதில்லை. மூன்றாம் நிலையில் தோல் தடித்து மடிப்புகள் விழும். நான்காம் நிலையில் மேற்பரப்பில் மருக்களும் கணுக்களும் எழும்பித் தோல் கரடுமுரடாகும். நிலை உயர உயரத் துயரமும் உயரும் என்று புதிதாக வருவோர் கருதுவது இயல்பு. அனுபவம் அதை மறுக்கிறது. முதல் நிலையில் உள்ளவர் காலையில் கால் மெலிந்திருப்பதைக் கண்டு நோயே இல்லையென நம்பி, மாலையில் செருப்பின் வார் பதிந்த தடத்தைக் கண்டு உடைந்துபோகிறார். நாள்தோறும் ஒருமுறை நம்பி ஒருமுறை இழக்கும் இந்த ஊசலாட்டம் மாதக்கணக்கில் தொடரும்போது உறக்கமும் பசியும் போகின்றன. சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963இல் வெளிவந்த தம் நூலில், ஊரறியக் குறையுடையவர்க்கும், குறை வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி வாழ்பவர்க்கும் இடையே வேறுபாடு கண்டார்; முன்னவர் பிறர் முன்னிலையில் எழும் இறுக்கத்தைச் சமாளிக்க வேண்டியிருக்க, பின்னவர் எதைச் சொல்வது எதை மறைப்பது என்பதையே நாளெல்லாம் எண்ணவேண்டியிருக்கிறது. புடவையைத் தரையில் புரளும்படி இறக்கிக் கட்டும் பெண்ணும், கோடையிலும் முழுக்காற்சட்டையோடு உறங்கும் இளைஞனும் இந்த இரண்டாம் வகையினர். நான்காம் நிலையினருள் சிலர் சந்தையில் கடை போட்டு, காலை முன்னே நீட்டி அமர்ந்து, கூசாமல் பேரம் பேசுவதும் காணக்கூடியதே.

பெண் நோயாளிகளிடம் பணிபுரிந்தோர் மறவாது குறிப்பிடுவது மெட்டியை. கால்விரல்கள் தடித்துவரும்போது மெட்டி சதைக்குள் அமிழ்கிறது. அதன் கீழ் ஈரம் தங்கித் தோல் வெளுத்து ஊறி, அங்கிருந்தே நுண்ணுயிரிகள் உள்ளே புகுகின்றன. ஆகவே அதைக் கழற்றியே ஆகவேண்டும். பெரும்பாலும் கழற்ற வராது, வெட்டித்தான் எடுக்கவேண்டும். விரலுக்கும் வெள்ளிக்கும் இடையே மெல்லிய தகடு ஒன்றைச் செருகி, சிறு இடுக்கியால் நெரித்து வெட்டும் அந்த ஓரிரு நிமிடங்களில், காய்ச்சலின் கடும்நடுக்கத்திலும் கலங்காத பெண்கள் கண்கலங்குவதைச் செவிலியர் காண்கின்றனர். கணவன் இறந்தால் கழற்றப்படும் அணி அது. கணவன் வெளியே வராந்தாவில் நின்றிருக்க அதை வெட்டச் சொல்வது எத்தகைய சொல் என்பதை மருத்துவக் குறிப்பேடு அறியாது. "கழட்டுனா எங்க மாமியா என்ன சொல்லுவாங்க, சிஸ்டர்" என்ற கேள்விக்குத் தோல் மருத்துவத்தில் விடையில்லை. அனுபவமுள்ள செவிலியர் மாமியாரையோ கணவரையோ உள்ளே அழைத்து, மெட்டிக்கடியில் இருக்கும் புண்ணை அவர்களுக்கே காட்டி, அவர்கள் வாயாலேயே கழற்றச் சொல்லவைக்கின்றனர். வெட்டிய மெட்டியைக் குப்பைத் தட்டில் இடாமல் துடைத்து நோயாளியின் கையில் கொடுக்கின்றனர். அதை வீக்கமில்லாத காலில் அணிந்துகொள்வோர் உண்டு, மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்வோர் உண்டு. இதைச் செய்யும் இடங்களில் பெண்கள் அடுத்த முறையும் வருகின்றனர். பேசாமல் வெட்டியெறியும் இடங்களில் அவர்கள் திரும்ப வருவது அரிது.

நோயாளிகள் வீக்கத்தைவிட மிகுதியாக அஞ்சுவது காய்ச்சலுக்கு. தொடையிடுக்கில் நெறி கட்டி, உடல் தூக்கிப்போடும் குளிர் கண்டு, கால் சிவந்து சுட்டு, தொட்டால் துடிக்கும் வலியோடு சில நாள் கிடத்திவிடும் இந்தத் திடீர்த் தாக்குதல் ஆண்டுக்குப் பலமுறை வரக்கூடியது. ஒவ்வொன்றும் வீக்கத்தைச் சற்றே கூட்டிவிட்டுப் போகும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இக்காய்ச்சல் வரும் என்று நம்புவோர் பலர். அந்நாள்கள் நெருங்கும்போதே வெளியூர்ப் பயணத்தைத் தவிர்த்து, விருந்துக்குப் போகாமல், பேரக்குழந்தையின் காதுகுத்துக்குக்கூட நாள் பார்த்து மறுத்து வீட்டிலேயே ஒடுங்குகின்றனர். வந்த காய்ச்சல் சில நாளில் தணிந்துவிடும், வரப்போகும் காய்ச்சலைப் பற்றிய கலக்கம் ஆண்டு முழுவதும் தணிவதில்லை. உண்மையில் இத்தாக்குதலுக்குக் காரணம் விரலிடுக்குப் புண்கள் வழியே நுழையும் சாதாரண நுண்ணுயிரிகளே என்பதும், காலை நாள்தோறும் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் ஒற்றியெடுத்து, இடுக்குகளுக்குப் பூஞ்சைக்கொல்லிக் களிம்பு தடவி, உயர்த்தி வைத்திருந்தால் தாக்குதல்கள் வெகுவாகக் குறையும் என்பதும் பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜெருசா டிரேயர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் செய்த பணியால் உலகுக்குத் தெளிவாயின.

இந்த உண்மையை நோயாளியிடம் சொல்வதற்கும் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஒட்டிக்கிடக்கும் நான்காம் ஐந்தாம் விரல்களை மெல்லப் பிரித்து, கீழே ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து, டார்ச் அடித்து, வெளுத்து வெடித்திருக்கும் அந்த நூலளவு பிளவைக் காட்டும்போது நோயாளியின் முகத்தில் ஏற்படும் மாற்றத்தை இப்பணியில் இருப்போர் நன்கறிவர். பல ஆண்டுகளாக நிலவும் விதியும் அனுப்பிவைத்ததாக எண்ணிய காய்ச்சல், சுண்டுவிரலடியில் இருந்த ஒரு வெடிப்பின் வழியே வந்தது என்று தெரிகிறது. வெடிப்புக்குக் களிம்பு உண்டு. மனநல நூல்கள் கற்றறிந்த இயலாமை என்று கூறும் நிலை, அதாவது என்ன செய்தாலும் பயனில்லை என்று பலமுறை பட்டறிந்த மனம் முயற்சியையே விட்டுவிடும் நிலை, அந்தக் கண்ணாடியில் தளரத் தொடங்குகிறது. அடுத்த அமாவாசை காய்ச்சலின்றிக் கழிந்துவிட்டால் நோயாளியே பிறருக்குச் சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டுவிடுவார்.

ஆண்களின் துயரம் பெரும்பாலும் தொழில் வழியே வெளிப்படுகிறது. நடவு வயலின் சேற்றில் இறங்க முடியாதவர் கூலியை மட்டும் இழப்பதில்லை, ஊரோடு சேர்ந்து உழைக்கும் இடத்தையும் இழக்கிறார். குழித்தறியில் மிதிபலகையை மிதிக்கும் கால் வீங்கினால் நெசவின் அளவு குறைவதைத் தென்னிந்திய நெசவாளர் ஊர் ஒன்றில் நடந்த ஆய்வு 1990களிலேயே காட்டியது. விரைவீக்கம், அதாவது விதைப்பையில் நீர் கோத்தல், உள்ளவர்களோ மனைவியிடம்கூடச் சொல்லாமல் வேட்டியின் மடிப்புக்குள் ஆண்டுகளைக் கழித்துவிடுகின்றனர். இதற்கு எளிய அறுவை உண்டு. அதன்பின் அவர்களது மனநிலை விரைவாகத் தேறுவதைக் காணும்போது, கூச்சத்தால் அவர்கள் இழந்த காலத்தை எண்ணி வருந்தாமல் இருக்க முடியாது.

பேருந்து நிலையச் சுவர்களிலும் சுகாதார நிலைய வாயில்களிலும் ஒட்டப்பட்ட சுவரொட்டிகளைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். மாத்திரையை மறுப்போரை அச்சுறுத்தி விழுங்கவைக்கும் நோக்கில், நான்காம் நிலைக் காலின் பெரிதாக்கிய படத்தை, முகத்தை வெட்டிவிட்டுக் காலை மட்டும் அச்சிட்டு ஊரெங்கும் ஒட்டினர். நோயில்லாதவரை எண்ணி வரைந்த அந்தப் படத்தைப் பேருந்துக்குக் காத்திருக்கும் நோயாளியும் பார்க்கிறார். தம் கால் மற்றவர்க்கு ஓர் எச்சரிக்கைப் பலகை என்று அவர் அறிந்துகொள்கிறார். நல்நோக்கத்தோடு செய்யப்பட்டதாயினும் இது செய்யத்தகாத செயல். மாறாக, கேரளத்து நாட்டார் மரபில் வரும் நாராணத்துப் பிராந்தன் ஒரு காலில் யானைக்கால் உடையவன். சுடுகாட்டில் காளி வரம் தர முன்வந்தபோது அதை மற்றக் காலுக்கு மாற்றித்தரக் கேட்டவன். அக்கதையில் காலைப் பார்த்து எவரும் அருவருப்பதில்லை. கால் உடைய மனிதனே கதை.

மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. கடந்த இரு வாரங்களில் உறக்கம், பசி, களைப்பு, ஆர்வமின்மை, தன்னிகழ்ச்சி முதலியவை எவ்வாறிருந்தன என்று அது கேட்கிறது. யானைக்கால் நோயாளியிடம் அதைப் பயன்படுத்துவோர் ஒரு சிக்கலைச் சந்திக்கின்றனர்: பல கிலோ கூடுதல் எடையை இழுத்து நடப்பவர் களைத்துத்தான் இருப்பார், கால் கனத்தால் புரண்டுபடுக்க முடியாதவர் உறங்காமல்தான் இருப்பார். ஆகவே மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பது தவறு. முன்பு விரும்பிச் செய்தவற்றில் விருப்பம் போய்விட்டதா, வீட்டாருக்குச் சுமையாகிவிட்டோம் என்று எண்ணுகிறாரா, இறந்துவிட்டால் நல்லது என்ற நினைப்பு வருகிறதா என்பவற்றைத் தனித்தனியே கேட்டறியவேண்டும். கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்குவோர் உண்டு. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, கேட்டவரிடம் சொல்லும் வழியே திறக்கிறது. மேசைக்கு அப்பால் பேனாவோடு அமர்ந்து கேட்டால் வராத விடை, பேசினில் நீரூற்றிக் காலைக் கழுவும்போது தானாக வருகிறது. பல ஆண்டுகளாக வீட்டார்கூடத் தொடாத ஒரு கால் அது. தொடும் கையிடம் வாய் திறக்கிறது என்பது இப்பணியின் அடிப்படைப் பாடமாகக் கொள்ளத்தக்கது.

இத்துயரின் அளவு சிறிதன்று. நாட்பட்ட கால்வீக்கம் உடையோர் உலகில் ஒன்றரைக் கோடிக்கு மேல், விரைவீக்கம் உடைய ஆண்கள் இரண்டரைக் கோடி என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஊனத்தாலும் முன்கூட்டிய சாவாலும் இழக்கப்படும் நல்வாழ்வு ஆண்டுகளைக் கொண்டு நோய்ச்சுமையை அளக்கும் முறையில், இந்நோயாளிகளின் மனச்சோர்வால் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகள் இழக்கப்படுவதாக 2015இல் வெளியான கணிப்பு ஒன்று கூறியது. அது உடல்நோய்க்கென முன்பு கணிக்கப்பட்டிருந்த சுமையைப்போல ஏறக்குறைய இருமடங்கு. நோயாளியைப் பேணுவோரின் மனச்சோர்வையும் அக்கணிப்பு தனியே எண்ணியது. தாயின் காலைக் கழுவிவிட்டு வேலைக்குப் போகும் மகளையும், தமக்கையின் காலைக் காரணம் காட்டி வரன் தட்டிப்போகும் தங்கையையும் கண்டவர்களுக்கு அந்த எண்ணிக்கை மிகையாகத் தோன்றாது.

இருந்தும் யானைக்கால் நோய்ப் பிரிவும் மனநலப் பிரிவும் தனித்தனி நாள்களில், தனித்தனி வரிசைகளில் இயங்குகின்றன. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வட்ட மருத்துவமனைக்கு ஒரு கிழமையில் வருகிறார், கால்பராமரிப்பு வேறொரு கிழமையில் நடக்கிறது. கூலியை விட்டு இருமுறை வர இயலாத நோயாளி காலை மட்டுமே காட்டிவிட்டுப் போகிறார். இரண்டையும் ஒரே நாளில், ஒரே வராந்தாவில் வைத்தால் போதும். தனிக் கட்டடமோ பெருந்தொகையோ வேண்டியதில்லை. நோயாளிகள் ஒரே விசுப்பலகையில் வரிசையாக அமர்ந்து ஒருவர் கழுவுவதை மற்றவர் பார்த்துக் கற்கும் ஏற்பாடே பாதி மருத்துவமாக அமைகிறது. ரெசிஃபேயில் நம்பிக்கை மன்றங்கள் என்ற பெயரில் நோயாளிகள் கூடியதும் இத்தகைய நோக்கத்தோடுதான். தன்னைப்போன்ற கால் உடைய இன்னொருவரை முதன்முறையாக அருகில் காணும்போது, 'உங்களுக்கு எத்தனை வருசமா இருக்குங்க அக்கா' என்று தொடங்கும் பேச்சை எந்த ஆலோசகராலும் தொடங்கிவைக்க முடியாது.

இலங்கை 2016இல் யானைக்கால் நோயைப் பொதுநலச் சிக்கலாக இல்லாதொழித்த நாடு என்று ஏற்கப்பட்டது. இந்தியா 2015 என்று முதலில் குறித்த கெடுவைப் பலமுறை தள்ளி, இப்போது 2027ஐ இலக்காகக் கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் கூட்டு மருந்து வழங்கல் நிறுத்தப்படும் அளவுக்கு நுண்புழு விகிதம் குறைந்துவிட்டது. இப்பணியில் வாழ்நாளைக் கழித்தோர் பெருமிதம் கொள்ளத்தக்க வெற்றி அது. ஆனால் அவ்விகிதம் ஒரு விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கும் இடத்தில் இரவுப்பணி குறைகிறது, பிரிவுகள் சுருங்குகின்றன, ஓய்வுபெறும் செவிலியரின் இடம் நிரப்பப்படாமல் கிடக்கிறது. இன்று முப்பத்தைந்து வயதில் இரண்டாம் நிலையில் இருக்கும் ஒரு பெண், நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட பிறகும் இன்னும் நாற்பது ஆண்டுகள் நாள்தோறும் காலைக் கழுவவேண்டியிருக்கும்; களிம்பும் செருப்பும் வேண்டியிருக்கும்; விரலிடுக்கைப் பிரித்துப் பார்க்கவும், உறக்கம் வருகிறதா என்று கேட்கவும் ஒருவர் வேண்டியிருக்கும். மாத உதவித்தொகை நான்காம் நிலையினருக்குக் கிடைக்கிறது, அது தொடரவேண்டும். அதனோடு வட்டத்துக்கு ஒரு கால்பராமரிப்புச் செவிலியர் பணியிடமேனும், இந்நோயாளிகள் இருக்கும்வரை, நுண்புழு விகிதத்தோடு முடிச்சுப் போடப்படாமல் நிலைநிறுத்தப்படவேண்டும்.